ஜி.ஐ. என்றால் எல்லாம் ஒன்றா? கால்வனைசிங் கேள்வி பதில்

கேள்வி: கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. மாடியில் போட்ட ஜி.ஐ. (ஜிங்க், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு) ஷீட் மூன்றே வருஷத்தில் துருப்பிடித்துவிட்டது. அதே தெருவில் பழைய விளக்குக் கம்பம் அப்படியே நிற்கிறது. இரண்டும் ஜிங்க் பூச்சுதானே சார்?

பதில்: பூச்சு ஒன்றுதான், கனம்தான் வேறு. ஷீட்டில் ‘இசட் 120’ என்று போட்டிருந்தால், இரண்டு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 120 கிராம் ஜிங்க் என்று பொருள். ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்துக்கு ஏறக்குறைய 7 கிராம் பிடிக்கும். கணக்குப் போட்டால் பக்கத்துக்கு எட்டு, ஒன்பது மைக்ரான்தான் தேறும். கம்பம் அப்படியில்லை. செய்து முடித்த பிறகு ஆசிட்டில் கழுவி, சுமார் 450 டிகிரியில் உருகிக் கிடக்கும் ஜிங்க் தொட்டியில் முழுசாக முக்கி எடுப்பார்கள். 6 மி.மீ.க்கு மேல் தடிமன் உள்ள இரும்புக்கு ஐ.எஸ்.ஓ. 1461 என்ற சர்வதேசத் தரவிதி கேட்பது சராசரி 85 மைக்ரான். ஷீட்டில் இருப்பதைப்போல் பத்து மடங்கு. உப்புக்காற்று கடுமையாக அடிக்கும் இடத்தில் வருஷத்துக்கு 4 முதல் 8 மைக்ரான் வரை ஜிங்க் கரையும். உங்கள் ஷீட் மூன்று வருஷம் தாங்கியதே பெரிசு! அடுத்த முறை கடையில் பளபளப்பைப் பார்க்காமல் கிராம் எவ்வளவு என்று கேளுங்கள்.

கேள்வி: கேட்டை ஹாட் டிப் (உருகிய ஜிங்க்கில் முக்கிப் பூச்சு ஏற்றுவது) செய்யக் கொடுத்தேன். பைப்பில் ஓட்டை போடச் சொல்கிறார்கள். அழகு கெடாதா அண்ணா?

பதில்: போட்டே ஆகவேண்டும் தம்பி. இரண்டு முனையும் அடைத்த பைப்புக்குள் துளி ஈரம் இருந்தாலும், தொட்டிக்குள் போனதும் ஆவியாகிப் பைப்பே வெடிக்கும். பக்கத்தில் நிற்பவர்மேல் ஜிங்க் தெறிக்கும். வெடிக்காவிட்டாலும் உள்பக்கம் பூச்சு ஏறாது. கண்ணில் படாத மூலைகளில், காற்று போக மேலே ஒன்று, ஜிங்க் வடியக் கீழே ஒன்று போடச் சொல்லுங்கள்.

கேள்வி: திரும்பி வந்த சாமான் சில இடத்தில் மங்கலாக, சாம்பல் நிறத்தில் இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை. இரும்பில் சிலிக்கான் கூடுதலாக இருந்தால் ஜிங்க்–இரும்புக் கலவை மேல்பரப்பு வரைக்கும் வளர்ந்துவிடும். நிறம் மங்கும், ஆனால் கனம் கூடும். சந்தேகம் இருந்தால் பூச்சின் கனம் பார்க்கும் கேஜ் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ஜி.ஐ. பைப் வெல்டிங் செய்த அன்று ராத்திரி குளிர் காய்ச்சல். பால் குடித்தால் சரியாகும் என்கிறார்களே?

பதில்: பட்டறைகளில் காலங்காலமாகச் சொல்வதுதான், ஆனால் பால் அதைத் தடுக்காது. ஜிங்க் எரிந்து வரும் வெள்ளைப் புகைதான் காரணம். ஒன்றிரண்டு நாளில் தணியும். மூச்சு வாங்கினால் டாக்டரிடம் போய்விடுங்கள். இனிமேல் வெல்டிங் வரும் இடத்தில் ஜிங்க்கை கிரைண்டரில் எடுத்துவிட்டு, காற்றோட்டத்தில் வேலை செய்யுங்கள். அப்புறம் அந்த இடத்தில் ஜிங்க் ரிச் பெயின்ட் அடியுங்கள். பலர் அலுமினியம் பெயின்ட் அடித்து மறைக்கிறார்கள். நிறம்தான் பொருந்தும்.

கேள்வி: கீறல் விழுந்தால்?

பதில்: சின்னக் கீறல் என்றால் விடுங்கள். பக்கத்தில் உள்ள ஜிங்க் முதலில் கரைந்து இரும்பைக் காக்கும்.

கேள்வி: கெய்சர் லைனுக்கு ஜி.ஐ. பைப் போடலாமா?

பதில்: வேண்டாம். தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டினால் சில வகை நீரில் கதை தலைகீழாகி, ஜிங்க்குக்குப் பதில் இரும்பு கரையத் தொடங்கும். வெந்நீர் தாங்கும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப் போடுங்கள்.