டேப்லெட்டா, டெஸ்க்டாப்பா? பள்ளியின் ஏழு லட்சத்தை எதில் போடலாம்?

கேள்வி: எங்கள் அறக்கட்டளை ஒரு மெட்ரிக் மேல்நிலைப் பள்ளி நடத்துகிறது. கணினிக்கென்று 7 லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். ஒரு நிறுவனம் பாடச் செயலியோடு 40 டேப்லெட்டுகளைத் தலா 15,000 ரூபாய்க்குத் தருகிறது, தவணை வசதியும் உண்டு. தாளாளர் இதற்குச் சம்மதம். கணினி ஆசிரியையோ டெஸ்க்டாப்தான் வேண்டும் என்கிறார். பொருளாளராகிய நான் என்ன சொல்வது?

பதில்: நீங்கள் அனுப்பிய கொட்டேஷனின் அடியில் ‘வரி தனி’ என்று பொடி எழுத்தில் இருக்கிறது. 18% ஜி.எஸ்.டி. சேர்த்தால் ஒன்று 17,700 ரூபாய், நாற்பதுக்கு 7,08,000. பள்ளிக் கல்விக்கு ஜி.எஸ்.டி. விலக்கு என்பதால், வாங்கும்போது கட்டும் வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. ஆக, முதல் நாளே கையிருப்பு தீர்ந்துவிட்டது.

இன்னும் செலவு இருக்கிறது. உறை, பூட்டுள்ள சார்ஜிங் அலமாரி, கூடுதல் வைஃபை கருவி எல்லாம் சேர்ந்து சுமார் 60,000. வீட்டு ரூட்டர் ஒன்றில் நாற்பது டேப்லெட்டும் ஒரே நேரத்தில் வீடியோ பார்த்தால் திணறிவிடும். கொட்டேஷன்படி செயலிச் சந்தாவும் கட்டுப்பாட்டு மென்பொருளும் கருவிக்கு ஆண்டுக்கு 1,800. அதோடு ஆண்டுக்கு நாலு திரையாவது உடையும் என்று வைத்தால் வருடச் செலவு 92,000. ஆயுள் மூன்று ஆண்டு. மொத்தம் 10,44,000, ஓர் இருக்கைக்கு, அதாவது ஒரு கருவிக்கு, ஆண்டுக்கு 8,700.

இப்போது டெஸ்க்டாப். ஐ3 செயலி, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. உள்ளது வரியோடு தோராயமாக 32,000. பதினைந்துக்கு 4,80,000. 3 கே.வி.ஏ. யு.பி.எஸ். 60,000; மேசை, ஒயரிங், எர்த்திங், நெட்வொர்க் இன்னொரு 60,000. சரியாக ஆறு லட்சம். ஆறு ஆண்டுக்கு மின்சாரம், ஒருமுறை பேட்டரி மாற்றம், எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்குள் மின்சாரம் தரும் பெட்டி), கீபோர்டு, மவுஸ் என்று இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல். இருக்கைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 9,000.

இருக்கைக் கணக்கில் டேப்லெட்தான் கொஞ்சம் மலிவு. அதை மறைக்க வேண்டாம், தாளாளரிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் நாலாம் ஆண்டு என்ன ஆகும்? பேட்டரி தளர்ந்து, சார்ஜர் துளை ஆடி, ஆண்ட்ராய்டு புதுப்பிப்பும் நின்றபின் மறுபடி ஏழு லட்சம் வேண்டும். 6.5% வட்டியில் ஆர்.டி. போட்டுச் சேர்ப்பதென்றால் மாதம் 18,000 ரூபாய். டெஸ்க்டாப்புக்கு ஆறு ஆண்டில் ஆறு லட்சம் சேர மாதம் 7,000 போதும். அதிலும் ஒரு பாகம் போனால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மாதம் பதினெட்டாயிரம் தனியே எடுத்து வைக்கும் பள்ளிகள் மிகக் குறைவு.

பாடமும் டெஸ்க்டாப் பக்கமே நிற்கிறது. மேல்நிலைக் கணினி அறிவியலில் சி++, பைத்தான், மைஎஸ்கியூஎல் செய்முறை உண்டு. கண்ணாடித் திரையில் தட்டி எழுதினால் பிழை தேடியே பாடவேளை முடிந்துவிடும். ஜேஇஇ மெயின் போன்ற தேர்வுகளுக்கும் மவுஸ் பழக வேண்டும். டேப்லெட்டின் இடம் மழலையர் வகுப்பும் ஒன்று, இரண்டாம் வகுப்பும்: எழுத்தை விரலால் வரைய, கேட்டுப் படிக்க.

எனவே 15 டெஸ்க்டாப், மீதி ஒரு லட்சத்தில் நாலைந்து டேப்லெட். மேல் வகுப்பில் ஒரு கணினிக்கு இருவர் உட்காரட்டும். ஒருவர் தட்டும்போது மற்றவர் பிழை பார்ப்பார்.

செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தையது என்றால், விண்டோஸ்தான் வேண்டுமென்பவர்கள் தொட வேண்டாம்: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது, அந்தப் பழைய செயலிகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. லினக்ஸ் போடுவீர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம். மேலே சொன்ன செய்முறைகள் எல்லாம் அதில் ஓடும்.

தவணை வேண்டாம். வருமான வரி விலக்குக்கு அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட்டிருக்க வேண்டும்; கைப்பணத்தில் வாங்கும் கருவி, அந்த ஆண்டே இந்தச் செலவுக் கணக்கில் சேரும். கடனில் வாங்கினால், திருப்பிக் கட்டக் கட்டத்தான் சேரும். செலவாகக் காட்டிய கருவிக்குத் தேய்மானம் மறுபடி காட்ட முடியாது. ஆடிட்டரிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

டெஸ்க்டாப் வாங்கும்போது மூன்றாண்டு ‘ஆன்சைட்’ (பள்ளிக்கே வந்து பழுது பார்க்கும்) வாரன்டியை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எர்த்திங் முடிந்து, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எலக்ட்ரீஷியன் வோல்ட் அளந்து காட்டிய பிறகே பெட்டிகளைப் பிரியுங்கள்; எர்த் இல்லாத அறையில் கணினிப் பெட்டியைத் தொட்டால் ஷாக் அடிக்கலாம். டேப்லெட்டுகளைக் கோடை விடுமுறைக்கு முன் பாதி சார்ஜில் அணைத்து வைத்து, மே மாத நடுவில் ஒருமுறை சார்ஜ் போடச் சொல்லுங்கள். காலியாகக் கிடந்த பேட்டரி ஜூனில் எழுந்திருக்காமலே போகலாம்.