முந்தின உறுதியைப் பார்த்தீர்களா?

தங்கச்சி, கனடாவில் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவுக்கு வந்து ஏழு மாதம் என்று எழுதியிருந்தீர்கள். மகள் நாலாம் வகுப்பு. காலையில் தேசிய கீதத்தோடு சேர்த்து, இந்த நிலம் பூர்வகுடிகளான அனிஷினாபே இனத்து மிசிசாகர், ஹோடினசோனி, வென்டாட் மக்களுடையது என்று பள்ளிக்கூட ஒலிபெருக்கியில் வாசிக்கிறார்களாம். பிள்ளை வீட்டுக்கு வந்து, "அம்மா, அப்ப நாங்கள் ஆரின்ர காணியில இருக்கிறம்?" என்று கேட்டிருக்கிறாள். உங்கள் சித்தப்பாவோ, "அதெல்லாம் சும்மா சடங்கு. அவங்களுக்கு அரசாங்கம் காசைக் கொட்டுது, வரியும் கிடையாது" என்று சொல்லிவிட்டார். அடுத்த வருடம் வீடு வாங்கும் யோசனை இருப்பதால், வீட்டு உறுதிப் பத்திரத்துக்கு இதனால் சிக்கல் வருமோ என்ற பயமும் உங்களுக்கு.

வீட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பூர்வகுடிகளின் பழைய நிலக் கோரிக்கைகளைத் தீர்க்கத் தனியார் வீட்டைப் பறிப்பதில்லை என்பது மத்திய அரசின் கொள்கை. நட்டஈடு காசாகப் போகும். காணி தேவையென்றால் விரும்பி விற்பவரிடம் வாங்குவார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் கதை வேறு. அங்கே பெரும்பகுதியில் பூர்வகுடிகளோடு ஒப்பந்தமே எழுதப்படவில்லை. 2025இல் ரிச்மண்ட் நகரத்தில் ஒரு பகுதி கவுச்சன் மக்களின் உரிமை நிலம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அங்குள்ள வீட்டுக்காரர் கலங்கினார்கள், மேன்முறையீடும் வந்தது. அதைக் கேட்டுவிட்டு ஸ்காபரோவில் நித்திரை கெட வேண்டாம். வழக்கறிஞரை வைத்து, வழமைபோல உறுதியைப் பதிந்து வாங்குங்கள்.

மகளின் கேள்விதான் கனமானது. அந்தக் கேள்வி என் மனதில் வரவே எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் சென்றது.

நான் வந்தது 1995இல். பேஸ்மென்ற் வாழ்க்கை, இரவில் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. லோரன்ஸும் பெல்லமியும் சந்திக்கிற இடத்துக்குக் கிட்ட 'இந்தியன் மவுண்ட் கிரசன்ட்' என்று ஒரு தெரு. யாரோ எங்கள் பக்கத்து ஆள் பெயர் வைத்திருக்கிறார் என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன். தெருவுக்கு நடுவில் புல் வளர்ந்த ஒரு மேடு, உச்சியில் ஒரு கல். வாகனத்தை விட்டு இறங்கி அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் பார்த்ததில்லை. அது டேபர் ஹில். 1956இல் வீடுகள் கட்ட அந்த மேட்டை வெட்டியபோது எலும்புகள் வந்தன, 500 பேரளவில். ஐரோப்பியர் வருவதற்கு முன்னர் இங்கே ஊர் கட்டி, சோளம் விதைத்து வாழ்ந்த வென்டாட் மக்கள், முதலில் தனித்தனியாக அடக்கம் செய்த தங்கள் உறவுகளின் எலும்புகளை எடுத்துவந்து ஒரே குழியில் சேர்த்துத் துயில விட்ட இடம். பீட்சா சூடாறிவிடக்கூடாது என்ற அவசரத்தில் அந்த இடுகாட்டை எத்தனை தடவை சுற்றியிருப்பேனோ தெரியாது.

இனி உறுதிக்கு வருகிறேன். எங்களூரில் காணி வாங்கப் போனால் பெரியவர்கள் முதலில் கேட்பது "முந்தின உறுதி பார்த்தனியோ?" என்றுதானே. நாலு எல்லையும் சொல்லாத உறுதியை எந்த நொத்தாரிசும் தொடமாட்டார். அந்தக் கண்ணோடு ரொறன்ரோவின் முந்தின உறுதியைப் பாருங்கள்.

1763இல் இங்கிலாந்து அரசர் ஒரு பிரகடனம் விடுத்தார். பூர்வகுடிகளின் நிலத்தைக் குடியேறிகள் நேரே வாங்க முடியாது, முடிக்குரிய அரசு மட்டும்தான், அதுவும் அந்த மக்களைப் பகிரங்கமாகக் கூட்டி வாங்க வேண்டும். எழுத்தில் பார்த்தால் நல்ல சட்டம். வாங்குகிறவர் ஒரே ஒருவர் என்றால் விலை என்னவாகும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பிறகு அமெரிக்கா பிரிந்துபோக, அரசர் பக்கம் நின்றவர்கள் இங்கே ஓடிவந்தார்கள். அவர்களுக்கு நிலம் வேண்டும். 1787 செப்டெம்பர் 23ஆம் திகதி குவின்ட்டே விரிகுடாவில் சேர் ஜோன் ஜோன்சன் மிசிசாகர் தலைவர்களைச் சந்தித்தார். கைமாறிய பொருட்களின் பட்டியலில் துவக்குக் கற்கள் 2,000, பித்தளைப் பாத்திரங்கள் 24, கண்ணாடிகள் 120, சரிகை வைத்த தொப்பிகள் 24, பூப்போட்ட துணிக்கட்டு ஒன்று, றம் 96 கலன் என்று இருக்கிறது. அதோடு 1,700 பவுண் பணம்.

பட்டியல் இவ்வளவு துல்லியமாக இருக்கிறது. உறுதியோ வெறுந்தாள். எந்த நிலம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, ஒரு சொல்லும் இல்லை. மூன்று தலைவர்கள் கையெழுத்தாக வைத்த குலக்குறிகள் மட்டும் வேறு கடதாசித் துண்டுகளில் இருக்க, அவற்றைக் கொண்டுவந்து அந்த வெறுந்தாளில் ஒட்டியிருக்கிறார்கள். அடுத்த வருடம் நில அளவையாளர் சங்கிலியோடு வந்தபோதே மேற்கு எல்லையில் பிரச்சினை கிளம்பியது. ஹம்பர் ஆறு வரைதான் பேசினோம் என்றார்கள் மிசிசாகர், எட்டோபிக்கோ ஓடை வரை என்றது அரசு. 1794இல் ஆளுநர் டோர்செஸ்டர் பிரபுவே, இந்த உறுதி வெறுந்தாள், செல்லாது என்று எழுதினார். அதற்குள் நகரம் எழும்பிவிட்டது.

குறி வைத்த மூவரில் ஒருவர் வாபகினீன். 1796இல் இந்த நகரத்து ஏரிக்கரையில் ஒரு பிரிட்டிஷ் சிப்பாயின் கையால் தாக்கப்பட்டு இறந்தார். சாட்சியம் போதாதென்று சிப்பாய் விடுதலையானான்.

1805இல் அரசு ஒரு புதுத்தாளோடு வந்தது. பழைய உறுதி செல்லாது என்ற விஷயத்தை மிசிசாகருக்குச் சொல்லவில்லை, முன்பு நடந்ததை உறுதிப்படுத்துகிறோம் என்றுதான் சொன்னார்கள். விற்றதாகச் சொல்லப்படும் தலைவர்கள் எல்லோரும் இறந்துவிட்டார்களே என்று மிசிசாகர் பதில் சொன்னார்கள். ஓகஸ்ட் முதலாம் திகதி கையெழுத்தானது. 250,880 ஏக்கர், விலை பத்துச் சிலிங். இதை முறையீடாக அவர்கள் அரசாங்கத்தின் முன் வைத்தது 1986இல், தீர்ந்தது 2010இல், 14 கோடி 50 இலட்சம் டொலருக்கு.

எங்கள் ஸ்காபரோவின் பெரும்பகுதி அந்த 1805 நிலத்தின் எல்லைக்குக் கிழக்கே. இந்தப் பக்கத்துக் கதை இன்னும் கேவலம். 1788இல் ஏரிக்கரையில் பேசிய பேச்சுக்கு ஒழுங்கான உறுதியே கிடையாது. கரையில் நின்று துவக்கு வெடித்தால் எவ்வளவு தூரம் கேட்குமோ அவ்வளவு நிலம் என்று பேசப்பட்டதாம், 'துவக்குச் சூட்டு ஒப்பந்தம்' என்றே அதற்குப் பெயர். எங்கள் ஊரில் வேலிக் கதியால் ஒரு அடி தள்ளிப்போனால் மூன்று தலைமுறை நீதிமன்றப் படி ஏறும். இங்கே வெடிச்சத்தம்தான் எல்லைக்கல்.

அந்த ஓட்டையை அடைக்க 1923இல் வில்லியம்ஸ் ஒப்பந்தங்கள் வந்தன. ஏழு இனக்குழுக்கள், மொத்தம் 5 இலட்சம் டொலர். மற்ற ஒப்பந்தங்கள் பலவற்றில் வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் உரிமையை விட்டுவைத்தார்கள், இதில் அதையும் எழுதி வாங்கிவிட்டதாக அரசு எடுத்துக்கொண்டது. தன் பாட்டன் மீன் பிடித்த ஆற்றில் மீன் பிடித்தவன் குற்றவாளி. 1994இல் உச்ச நீதிமன்றமும் அரசின் பக்கமே சொன்னது. 2018இல்தான் உரிமையை ஏற்று, 111 கோடி டொலர் கொடுத்து, மன்னிப்பும் கேட்டார்கள்.

அந்த மக்கள் நிலத்தின் பெறுமதி தெரியாமல் கண்ணாடிக்கும் றம்முக்கும் விற்றுவிட்டார்கள் என்று எங்கள் ஆட்கள் ஒரு கதை சொல்லுவார்கள். நம்பாதீர்கள். குத்தகை, ஒற்றி, அறுதி என்று நாங்கள் எத்தனை விதமாகப் பிரித்து வைத்திருக்கிறோம்! சேர்ந்து பாவிப்போம், ஒவ்வொரு வருடமும் பொருள் கொடுத்து உறவைப் புதுப்பிப்போம் என்பது அவர்களுடைய வழக்கம். 1764இல் நயாகராவில் இருபதுக்கும் மேற்பட்ட இனங்களின் தலைவர்கள் கூடியபோது, அந்த உறவுக்கு அடையாளமாகச் சிப்பிமணிப் பட்டிகள் கைமாறின. அவர்கள் காதில் விழுந்தது குத்தகை மாதிரியான ஒன்று, தாளில் ஏறியது அறுதி. வடக்கு ஒன்ராறியோவின் 9ஆம் இலக்க ஒப்பந்தத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். 1905இல் ஆணையாளர்கள் படகில் ஊர் ஊராகப் போனபோது ஒப்பந்த வாசகத்தை ஏற்கனவே அச்சிட்டுக்கொண்டு போனார்கள். ஒரு சொல்லையும் மாற்ற அவர்களுக்கு அதிகாரம் இல்லை. வேட்டைக்கும் மீனுக்கும் தடை வராது என்று வாயால் வாக்குக் கொடுத்ததோ, அவர்களில் ஒருவரின் நாட்குறிப்பிலேயே இருக்கிறது.

சித்தப்பா சொன்ன 'காசைக் கொட்டுது' பற்றி. ஹியூரன் ஏரிக்கு வடக்கே 1850இல் எழுதிய ரொபின்சன் ஒப்பந்தத்தில், நிலத்தின் வருமானம் கூடினால் வருடாந்தக் கொடுப்பனவும் கூடும் என்று ஒரு வாசகம் உண்டு. 1875இல் அதை ஆளுக்கு 4 டொலராக உயர்த்தினார்கள். அதன்பிறகு சட்பரியில் நிக்கல் வெட்டினார்கள், காடு வெட்டினார்கள், ரயில் ஓடியது. கொடுப்பனவு மட்டும் 4 டொலரிலேயே நின்றது, மாதத்துக்கில்லை, வருடத்துக்கு. 2023இல் அந்த 21 இனக்குழுக்களோடு 1,000 கோடி டொலருக்கு இணக்கம் வந்தது. அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம், அரசு இந்த வாக்கை மீறியது கேலிக்கூத்து என்ற கருத்தில் கடுமையாகவே எழுதியது. வரி விலக்கும் ஒதுக்கிடத்தில், அதாவது பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய நிலத்தில், உழைக்கிற வருமானம் போன்ற சிலவற்றுக்குத்தான், ரொறன்ரோவில் வேலை செய்தால் எங்களைப்போல அவர்களும் வருமான வரி கட்டுவார்கள். இவ்வளவு காலம் ஏன் வழக்குப் போடவில்லை என்று கேட்டால், 1927 முதல் 1951 வரை நிலக் கோரிக்கைக்கு அரசின் அனுமதியில்லாமல் காசு சேர்ப்பதே குற்றம். உங்களிடம் களவெடுத்தவனே, நீங்கள் வழக்கறிஞருக்குக் காசு கொடுக்கக்கூடாது என்று சட்டம் போட்ட மாதிரி.

இன்னொன்றும் அவரிடம் சொல்லுங்கள். நான் கனடாவில் இறங்கிய அதே 1995இல், 9ஆம் இலக்க ஒப்பந்த நிலத்திலுள்ள நெஸ்கன்டாகா ஊரில் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள் என்று அறிவித்தார்கள். நான் குடியுரிமை எடுத்து, வீடு வாங்கி, பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பி முடித்தேன். முப்பதாவது வருடத்திலும் அந்த அறிவித்தலை நீக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைக் குத்தியது. "எங்கட காணியையே ஆமி வைச்சிருக்கு, இங்கயும் மற்றவையின்ர காணியிலயோ?" என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் யாழ்ப்பாணத்து வலி வடக்குத்தான். 1990இல் எழும்பி ஓடும்போது அப்பா தூக்கியது தகரப் பெட்டியை, அதற்குள் உறுதிகள். சாகும்வரை அந்தத் திறப்பு அவர் அரைஞாணில் கிடந்தது. இந்த நில வாசிப்பை முதன்முதல் ஒரு கூட்டத்தில் கேட்டபோது எனக்கும் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தால், காணி பறிகொடுத்தவன் என்பது ஒரு கணக்கு, இங்கே நான் எந்தக் கதவால் வந்தேன் என்பது வேறு கணக்கு. எனக்கு வதிவுரிமை தந்தது அந்த வெறுந்தாளில் குறிகளை ஒட்டிய அதே முடியின் அரசு. என் வீட்டு உறுதியின் பின்னால் நிற்பதும் அந்த முடிதான். ஒப்பந்தத்தில் இரண்டு பக்கம் என்றால், நான் இருப்பது அவர்கள் பக்கத்தில் இல்லை. இதில் வெட்கப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை, தெரிந்திருக்க வேண்டும். நீங்களும் சில வருடத்தில் குடியுரிமைச் சத்தியம் செய்வீர்கள். 2021இல் இருந்து அந்தச் சத்தியத்திலேயே பூர்வகுடிகளின் உரிமைகளையும் ஒப்பந்த உரிமைகளையும் ஏற்கும் வாசகம் இருக்கிறது. நான் சத்தியம் செய்தபோது அது இல்லை, மகாராணிக்கு விசுவாசமும் நாட்டுச் சட்டமும் கடமையும் என்று முடிந்துவிட்டது.

சடங்கு என்பதில் சித்தப்பா முழுக்கப் பிழையில்லை. எங்கள் விழாக்களிலும் குத்துவிளக்கு ஏற்றிய கையோடு, வாயில் நுழையாத பெயர்களை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு நடனத்துக்குப் போய்விடுகிறார்கள். கேட்க எரிச்சலாகத்தான் இருக்கும். செப்டெம்பர் 30ஆம் திகதிக்குத் தோடம்பழ நிறச் சட்டை கேட்டு மகள் நிற்பாள், வாங்கிக் கொடுங்கள். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்திருந்த வதிவிடப் பள்ளிகளைப் பற்றி அன்றைக்கு வகுப்பில் சொல்லித் தருவார்கள், வீட்டுக்கு வந்ததும் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள்.

மகளுக்கு என்ன பதில் சொல்வது? மிசிசாகர் இன்னும் இருக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். வாசிக்கிறதைக் கேட்டால் ஏதோ அழிந்துபோன ராச்சியம் என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள், என் மகனும் அப்படித்தான் நினைத்திருந்தான். கிரெடிட் ஆற்றங்கரையில் வீடுகளும் தேவாலயமும் கட்டி இருந்த அந்தச் சனம், அந்த மிச்ச நிலத்துக்காவது ஒரு உறுதி எழுதித் தாருங்கள் என்று அரசிடம் திரும்பத் திரும்பக் கேட்டது. கொடுக்கவில்லை. 1847இல் அதையும் விட்டு எழும்பினார்கள். இடம் கொடுத்தது அரசு இல்லை, பக்கத்து ஹோடினசோனி ஆட்கள், தங்கள் ஒதுக்கிடத்தில் ஒரு மூலையை. ஹேகர்ஸ்வில் பக்கம், ஸ்காபரோவிலிருந்து ஒன்றரை மணித்தியால ஓட்டம்.

ஓகஸ்ட் முடிவில் அங்கே பவ்வவ் என்ற ஆட்டமும் பாட்டுமான பூர்வகுடி விழா நடக்கும், எவரும் போகலாம். நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். மடக்குக் கதிரை கொண்டுபோங்கள், வெயிலுக்குத் தொப்பியும். கைவினைக் கடைகளுக்குக் கையில் காசு வேண்டும். ஆடுகிறவர்களின் உடுப்பைக் 'கொஸ்டியூம்' (வேஷ உடுப்பு) என்று சொல்லாதீர்கள், கேட்காமல் படமும் எடுக்காதீர்கள். என் வான் வண்டியில் மூன்று இருக்கை காலி. மகளையும் கூட்டிக்கொண்டு வருவதென்றால் ஜூலைக்குள் சொல்லுங்கள்.