ஆடுவது கேப்பா, இம்பிளான்ட்டா?

கேள்வி: எனக்கு 54 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் கீழ்க் கடைவாயில் இம்பிளான்ட் பொருத்திக்கொண்டேன். வலி இல்லை, ஆனால் இப்போது பல் லேசாக ஆடுகிறது. வேறொரு மருத்துவமனையில் முழுத்தாடை எக்ஸ்ரே எடுத்துவிட்டு, எலும்பு கரைந்துவிட்டது, கழற்றிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

பதில்: இப்போதே சம்மதிக்க வேண்டாம். இம்பிளான்ட் என்பது பல்வேருக்குப் பதிலாகத் தாடையெலும்பில் பதிக்கும் டைட்டானியத் தண்டு; எலும்போடு ஒட்டிப் பிணைந்துவிட்டால் அது துளியும் ஆடாது. இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையே இருக்கும் மெல்லிய நார்ச்சவ்வு அதற்குக் கிடையாது. ஆகவே இம்பிளான்ட்டே ஆடுகிறது என்றால் அதைக் கழற்றுவது தவிர வேறு வழியில்லை. ஆனால் மேலே பல் வடிவில் உள்ள கேப்பை இம்பிளான்ட்டுடன் இணைக்கும் சிறிய திருகு தளர்ந்தாலும் உங்களுக்கு அதே ஆட்டம்தான் தெரியும். வலியில்லாமல் மூன்று ஆண்டுகள் கழித்து ஆடுகிறது என்றால் என் முதல் சந்தேகம் இந்தத் திருகின் மேல்தான். கேப்பைக் கழற்றி, உள்ளே இருப்பதைத் தனியாக அசைத்துப் பார்க்காமல் எவரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அது அசையவில்லை என்றால், சேதமில்லாத திருகை அளவான விசையில் மீண்டும் முறுக்கினாலே போதும். தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். திருகு தளர்ந்ததற்காக நல்ல இம்பிளான்ட்டைத் தோண்டியெடுப்பது பெரும் அநியாயம்.

அடுத்தது எலும்பு. முழுத்தாடைப் படத்தில் அளவுகள் பெரிதாகவும் கோணலாகவும் விழும். முப்பரிமாண ஸ்கேனிலோ டைட்டானியத்தை ஒட்டிக் கருநிழல் படிந்து, இருக்கும் எலும்பும் இல்லாததுபோல் தெரியலாம். வாய்க்குள் வைத்து நேர்க்கோணத்தில் எடுக்கும், இம்பிளான்ட்டின் மரைகள் தெளிவாகத் தெரியும் சிறிய எக்ஸ்ரேதான் வேண்டும். அதைக் கேப் பொருத்திய நாளில் எடுத்த படத்தோடு ஒப்பிட வேண்டும். முதல் ஆண்டில் சிறிது எலும்பு குறைவது இயல்பு, அதன்பின் தொடர்ந்து குறைவதே நோய். பழைய படம் இல்லாவிட்டால், ஈறை மெல்லிய கருவியால் அளக்கும்போது இரத்தமோ சீழோ கசிவது, ஆழம் 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருப்பது, எலும்பு 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் இறங்கியிருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் எலும்பழிவு நோய் என்பது, ஈறு நோய்களையும் இம்பிளான்ட் நோய்களையும் வகைப்படுத்திய 2017 உலகப் பயிலரங்கின் வரையறை.

இம்பிளான்ட்டின் உறுதியைக் கருவியால் அளந்து 1 முதல் 100 வரை எண் சொல்வார்கள். 70க்கு மேல் நல்லது. எனினும் பழைய எண் இல்லாமல் இன்றைய எண்ணை மட்டும் காட்டி உங்களை அச்சுறுத்த விடாதீர்கள்.

ஸ்கேன் மையத்துக்கும் மருத்துவமனைக்கும் இடையே தரகு வாங்கும் முகவர்கள் இருக்கிறார்கள். "வாழ்நாள் உத்தரவாத அட்டை"யை நீட்டுபவர்களும் இருக்கிறார்கள். அந்த அட்டையில் இம்பிளான்ட்டின் நிறுவனம், விட்டம், நீளம், தொகுதி எண் இல்லையென்றால் அது வெறும் காகிதம். இவை தெரியாமல் பொருந்தும் திருகைத் தேடி எத்தனை நாட்களை நாங்கள் வீணடிக்கிறோம்! இம்பிளான்ட் பெட்டியிலேயே வரும் ஒட்டுவில்லையை நோயாளியின் கோப்பில் ஒட்டிக் கொடுக்க எந்தச் செலவும் இல்லை. அதைக்கூட நம் மருத்துவமனைகள் பலவும் செய்வதில்லை. முதலில் பொருத்தியவரிடம் சென்று அந்த விவரங்களையும் பழைய எக்ஸ்ரேயையும் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். அதுவரை அந்தப் பக்கத்தில் கடித்து மெல்ல வேண்டாம். தளர்ந்த திருகு உள்ளேயே முறிந்துவிட்டால் அதை எடுப்பது மிகக் கடினம்.