வாட்ஸ்அப் குழுவில் கற்பது கற்றலாகுமா?

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். ஐந்து வாட்ஸ்அப் குழுக்களிலும் இரண்டு முகநூல் குழுக்களிலும் இருக்கிறேன். தினமும் இரவு பத்து மணிவரை அவற்றைப் பார்க்கிறேன். சேமித்த காணொளிகளுக்குக் கணக்கில்லை. ஆனாலும் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கடன் வாங்கிக் கழித்தல் வரவில்லை. குழுக்களிலிருந்து விலகிவிடலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

விலக வேண்டாம், ஆனால் இப்போது இருப்பதுபோல் இருக்கவும் வேண்டாம். ஈராசிரியர் பள்ளியில், இன்றைய பாடம் ஏன் எடுபடவில்லை என்று மனம்விட்டுப் பேச உடன் இருப்பவர் ஒருவரே. அவர் விடுப்பெடுத்தால் ஐந்து வகுப்புகளும் உங்கள் பொறுப்பு. அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் மற்றவர்களைச் சந்தித்தாலும், பேச வேண்டியவை முன்பே முடிவாகி வருவதால், உங்கள் பிள்ளைகளின் கழித்தல் கணக்குக்கு அங்கே நேரம் கிடைப்பது அரிது. அந்தத் தனிமையைத் தீர்க்கக்கூடியவை என்பதாலேயே இக்குழுக்களை மிகவும் மதிக்கிறேன்.

தொழில் செய்வோர் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பதைப் பற்றி ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1991இல் எழுதியபோது, லைபீரியாவின் 'வாய்' என்னும் இனத்துத் தையற்காரர்களை எடுத்துக்காட்டினார்கள். அங்கே தொழில் பழக வருபவர் முதலில் பொத்தான் தைக்கிறார், ஓரம் மடிக்கிறார். துணி வெட்டுவது பிறகுதான். வேலை நடக்கும் இடத்தில் இருந்து பார்ப்பதும், சிறு பங்கையேனும் தானே செய்வதும் சேர்ந்தே அவரைத் தையற்காரராக்குகின்றன. உங்களுக்கு இரவில் வந்து சேர்பவையோ தைத்து முடித்த சட்டைகள். மாதிரி வகுப்புக் காணொளியில் எல்லாப் பிள்ளைகளும் சரியாகப் பதில் சொல்கிறார்கள். அந்த ஆசிரியர் முந்தைய வாரம் எங்கே தடுமாறினார் என்பது அதில் இல்லை. உங்களுக்குத் தேவைப்படுவது அந்தத் தடுமாற்றம்தான்.

ஆகவே, நீங்கள் முதலில் அனுப்புங்கள். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளை உங்கள் வகுப்பிலும் இருக்கும். அது கவனக்குறைவு அன்று. 'பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழி' என்று நாம் சொல்லித் தந்ததையே ஒன்றாம் இடத்திலும் பின்பற்றி, 7இலிருந்து 2ஐக் கழித்திருக்கிறது. அந்த நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து, பிள்ளைகளைக் கற்றல் நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் அப்பிள்ளை தொடக்கமான அரும்பு நிலையா, அடுத்த மொட்டு நிலையா என்பதையும் குறிப்பிட்டு, 'இப்பிள்ளை என்ன நினைத்து இப்படிப் போட்டிருக்கும்?' என்று கேளுங்கள். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளில் ஒரு கட்டைப் பிள்ளையே அவிழ்க்கட்டும் என்று ஒருவர் சொல்லக்கூடும். அவிழ்த்த கட்டை எழுத்தில் எப்படிக் குறிப்பது என்று இன்னொருவர் விளக்கக்கூடும். மறுநாள் செய்து பார்த்து, பலித்ததா இல்லையா என்பதைத் திரும்ப வந்து எழுதுங்கள். பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான். பலிக்காமல் போனதைச் சொன்னால்தான் அடுத்தவர் யோசிக்கத் தொடங்குவார்.

இதைப் பெரிய குழுவில் செய்வது கடினம். ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர்வரை இருக்கலாம். அத்தனை பேர் முன்னிலையில், அதுவும் அலுவலர்களும் இருக்கும் இடத்தில், 'எனக்கு வரவில்லை' என்று எழுத யாருக்கும் தயக்கம் இருக்கும். மூன்றாம் வகுப்பு எடுக்கும் ஆறேழு பேரைச் சேர்த்துத் தனிக் குழு தொடங்குங்கள். அலுவலக ஆணைகள், வினாத்தாள்கள், பண்டிகை வாழ்த்துகள் எல்லாம் பழைய குழுக்களிலேயே இருக்கட்டும். அவற்றின் ஒலியை நிறுத்திவிட்டு வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நோட்டுப் பக்கத்தில் பிள்ளையின் பெயர் தெரியக் கூடாது, முகமும் வேண்டாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், தப்பாகப் போட்ட கணக்கு தன் பெயரோடு ஊரெங்கும் சுற்றுவதை எந்தப் பிள்ளையும் விரும்பாது.