படத்தில் கட்டடம் குட்டியாகத் தெரிவது ஏன்?

ஸ்கெட்சப்பில் (கணினியில் முப்பரிமாண மாதிரி செய்யும் மென்பொருள்) செய்த 12 மாடிக் கட்டட மாதிரியைக் கைப்பேசிப் படத்தில் ஒட்டினால், கோபுரத்துக்குப் பின்னால் அந்தக் கட்டடம் ஒன்றுமே இல்லாதது போலக் குட்டியாகத் தெரிகிறது, நேரில் அப்படி இருக்காதே என்று கேட்டிருந்தீர்கள். சந்தேகம் சரிதான். கைப்பேசியின் முதன்மைக் கேமரா பெரும்பாலும் 24–26 மி.மீ. லென்ஸுக்குச் சமமான அகலக்கோணம். தூரத்தில் இருப்பதெல்லாம் சுருங்கிவிடும். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (36 × 24 மி.மீ. சென்சார் உள்ளது) 50 மி.மீ. லென்ஸ் போட்டு, கண் மட்டத்தில், அதாவது சுமார் 1.6 மீட்டர் உயரத்தில், முக்காலி வைத்து மறுபடி எடுங்கள். மரத்தடியில் நின்று எடுக்க வேண்டாம், கிளைகள் கட்டடத்தை மறைத்துவிடும்; அது பில்டர்கள் தேடிப்பிடிக்கும் கோணம்!

அப்புறம், அங்கே ஏற்கெனவே இருக்கும் விளக்குக் கம்பம், மதில் மூலை இரண்டையும் அளந்து மாதிரிக்குள் வையுங்கள். அவை படத்தோடு அச்சாகப் பொருந்தினால்தான் கட்டடத்தின் உயரத்தை நம்பலாம். ஏ3 தாளில் 39 செ.மீ. அகலத்துக்கு அச்சிட்டு, சுமார் 54 செ.மீ. தள்ளிப் பிடித்துப் பாருங்கள். நேரில் தெரியும் அளவு அதுதான்.