முதல் கப்பலுக்கே 104 பீரங்கியா?

மரக் கப்பல் மாதிரிகளைப் பற்றி நீலகிரி மலையிலிருந்து வந்த கேள்விகளை இந்தமுறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: அப்பா வெலிங்டனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் 'விக்டரி' போர்க்கப்பலை மரத்தில் சின்னதாகக் கட்டிப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வெளிநாட்டுக் கடையில் கிட் (பாகங்களும் செய்முறையும் அடங்கிய பெட்டி) எழுபதாயிரத்துக்கு மேல் வருகிறது. இங்கே ஒரு இணையக் கடையில் அதே படம் போட்டு 9,500 ரூபாய்தான் கேட்கிறார்கள். அப்பாவுக்கு மரவேலைப் பழக்கம் கிடையாது, பொறுமை நிறைய உண்டு. எதை வாங்கலாம்?
– வாசகி, குன்னூர்

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம்.

முதலில் அந்த 9,500 ரூபாய்ப் பெட்டி. கால்டர்கிராஃப்ட், கோரல், பனார்ட் மாதிரி விக்டரிக்குக் கிட் போடுகிற நிறுவனங்கள் பெட்டி மேலேயே தங்கள் பெயரையும் அளவு விகிதத்தையும் அச்சடித்திருப்பார்கள். நீங்கள் அனுப்பிய பக்கத்தில் படம் இருக்கிறது, விகிதமும் இல்லை, தயாரித்தவர் பெயரும் இல்லை. இப்படி வருகிறவற்றில் பல, யாரோ உழைத்துப் போட்ட வரைபடத்தை நகலெடுத்து லேசரில் வெட்டியவை. இறக்குமதிச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, தயாரான நாடு, எம்.ஆர்.பி. எல்லாம் பெட்டியில் இருந்தாக வேண்டும். தயாரான நாட்டை இணையக் கடை தன் பக்கத்திலும் காட்ட வேண்டும். கடைக்காரரிடம் பாகப் பட்டியலையும் செய்முறைப் புத்தகத்தில் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

எழுபதாயிரம் என்பதும் முழு விலை இல்லை. பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் சேர்த்து அதன் மேல்தான் சுங்கவரியும், இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி.யான ஐ.ஜி.எஸ்.டி.யும் போடுவார்கள். கூரியர்காரர் தன் கட்டணத்தைத் தனியாக வாங்குவார். 'அன்பளிப்பு என்று எழுதி அனுப்புகிறோம், வரி வராது' என்று எந்தக் கடையாவது சொன்னால் நம்பாதீர்கள். 5,000 ரூபாய் வரை அன்பளிப்புக்கு இருந்த விலக்கு 2019 டிசம்பரோடு முடிந்துபோன கதை.

பணம் இருந்தாலும் விக்டரியை முதல் கப்பலாக நான் சொல்லமாட்டேன். 1765-இல் கடலில் இறங்கிய கப்பல் அது. 1805 டிரஃபால்கர் போரின்போது 104 பீரங்கிகள் இருந்தன. கயிறு மட்டும் சுமார் 42 கிலோமீட்டர். 1:72 அளவில், அதாவது நிஜக் கப்பலில் 72-இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் கணக்குக்கு அரை கிலோமீட்டருக்கு மேல் நூல் வருகிறது. கிட்களில் இதைக் குறைத்துத்தான் கொடுப்பார்கள், கீழ்த்தளப் பீரங்கிகளுக்கு வெறும் குழல் முனையை வைப்பதும் உண்டு. அப்படியும் மேல்தளத்துப் பீரங்கி ஒவ்வொன்றுக்கும் வண்டி, நாலு சக்கரம், இரண்டு பக்கமும் கயிறு என்று ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பொறுமைசாலிகளும் பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவது இந்தக் கட்டத்தில்தான். கட்டி முடித்தால் முன்தூலத்தோடு (முன்பக்கம் நீட்டி நிற்கும் மரம்) சேர்த்து ஒன்றேகால் மீட்டருக்கு மேல் நீளம். அதை வைக்க உங்கள் வீட்டில் இடம் இருக்கிறதா என்று அம்மாவையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஆரம்பிக்கிறவருக்கு ஒற்றைப் பாய்மரக் கப்பல்தான் சரி. 'ஷெர்போர்ன்' என்று 1763-ஆம் வருடத்துச் சின்ன பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் ஒன்று உண்டு. கால்டர்கிராஃப்ட் அதை 1:64 அளவில் போடுகிறது, நீளம் அரை மீட்டர்தான். பீரங்கியும் உண்டு, கயிறும் உண்டு, எல்லாம் கைக்கு அடங்கும் அளவில்.

அதிலும் கஷ்டமான இடம் உடற்பகுதிதான். நடுவில் ஏரா, அதாவது கப்பலின் முதுகெலும்பு மாதிரியான அடிமரம். அதன் குறுக்கே வரிசையாகப் பிளைவுட் சட்டங்கள். இந்தச் சட்டங்களின் ஓரத்தைக் கப்பலின் வளைவுக்குத் தக்கபடி சாய்வாகத் தேய்க்க வேண்டும். உடலை மூடும் மெல்லிய மரப் பட்டி ஒன்றை மேலே வைத்து முனையிலிருந்து முனை வரை பார்த்தால் எல்லாச் சட்டத்திலும் இடைவெளி இல்லாமல் படிய வேண்டும். பட்டிகளைத் தண்ணீரில் ஊறவைத்து வளைத்தால் அணியத்தில் (கப்பலின் முன்முனை) படியும். ஆனால் அந்த முனையில் ஒவ்வொரு பட்டியின் அகலத்தையும் சீவிக் குறைக்கவில்லை என்றால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். இரண்டு அடுக்குப் பட்டி வைக்கிற கிட்டாகப் பார்த்து வாங்கச் சொல்வது இதனால்தான். முதல் அடுக்கில் பள்ளம் மேடு வந்தாலும் தேய்த்து நிரவி, மேலே மெல்லிய வால்நட் பட்டியை ஒட்டி மறைத்துவிடலாம்.

அப்புறம் பசை. ஃபெவிகால் வகை வெள்ளைப் பசை கடும் குளிரில் சரியாகப் பிடிக்காது. காய்ந்த இடம் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தால் அந்த ஒட்டு நிற்காது. டிசம்பர், ஜனவரியில் ஒட்டும் வேலையைப் பகலில், வெயில் வந்த அறையில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபெவிகுவிக் வகை காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துத்தான் இறுகும். மூடுபனி நாளில் நினைத்ததைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், சுற்றிலும் வெள்ளைப் படலமும் பூக்கும். கருவிகளுக்குப் பெரிய செலவு வேண்டாம்: நல்ல கத்தி, சின்ன இழைப்புளி, இடுக்கி, கைத்துளைப்பான், இரண்டு மூன்று தரத்தில் உப்புக்காகிதம், ஒரு டஜன் துணி கிளிப். கிட்டோடு 'இலவசக் கருவிப் பெட்டி' தருகிறேன் என்றால் அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: இந்தியக் கடை ஒன்றில் கிட் வாங்கினேன். ஜூன் கடைசியில் வந்தது. லீவில் வரும் மகனோடு சேர்ந்து பிரிக்கலாம் என்று ஆகஸ்ட் வரை அலமாரியில் வைத்திருந்தேன். திறந்தால் பட்டிகள் முறுக்கிக்கொண்டு பூஞ்சை பிடித்திருக்கின்றன. கயிறு கட்டும் சின்ன மரக் குண்டுகள் இருக்க வேண்டிய பை மொத்தமாகவே இல்லை. 'ஹாபி பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது' என்கிறார் கடைக்காரர்.
– வாசகர், ஊட்டி

பதில்: பூஞ்சைக்கு அவரைப் பொறுப்பாக்குவது கடினம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஊட்டி அலமாரியில் கிடந்த மரம் என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார். அந்தப் பட்டிகளைத் துடைத்து, லேசாக நனைத்து, இரண்டு தட்டையான பலகைக்கு நடுவில் பாரம் வைத்துக் காயவிடுங்கள். பாதிக்கு மேல் நிமிர்ந்துவிடும்.

காணாமல் போன பை வேறு விஷயம். 2020-ஆம் வருடத்து மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்ப எடுக்கவும் பணம் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது. 'ரிட்டர்ன் கிடையாது' என்று கொட்டை எழுத்தில் போட்டாலும் இதுதான் நிலை. ஆனால் அங்கே போவதற்கு முன்னால், பாகப் பட்டியலில் அந்த எண்ணைச் சுற்றிப் படம் எடுத்துத் தயாரிப்பாளருக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நல்ல நிறுவனங்கள் விடுபட்ட பாகத்தைத் தனியாக அனுப்பிவிடும். சண்டையைவிட இது சீக்கிரம் முடியும்.

நடக்கவில்லை என்றால் கடையின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அடுத்தது 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை டெல்லியில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடம் அவகாசம் உண்டு. ஒரே சிக்கல், பெட்டியைப் பிரித்தபோது வீடியோ எடுத்தீர்களா? இல்லை என்றால் கூரியர் ரசீதில் உள்ள எடையைப் பாருங்கள், சில நேரம் அதுவே சாட்சியாகும்.

கேள்வி: 'டிரிங்கோமலி' போர்க்கப்பலை மலபார் தேக்கில்தான் கட்டினார்களாம். கூடலூரிலிருந்து நிலம்பூர் பக்கம்தானே, அந்தத் தேக்கிலேயே மாதிரி செய்யலாமா? ஈட்டி (ரோஸ்வுட்) மரத் துண்டும் தருவதாக ஒருவர் சொல்கிறார்.
– வாசகர், கூடலூர்

பதில்: உண்மைதான். பம்பாயில் வாடியா குடும்பத்தார் கட்டி 1817-இல் இறக்கிய கப்பல். தேக்கில் கட்டியதால்தான் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. ஆனால் 1:72 மாதிரிக்குத் தேக்கு ஒத்துவராது. அதன் ரேகையும் துளையும் பெரிசு. அந்த அளவில் பலகை பலகையாகவே தெரியாது. மில்லில் மஞ்சக்கடம்பு கிடைத்தால் வாங்குங்கள், நெருக்கமான, சீரான மரம். சில்வர் ஓக் மலிவு, உள்சட்டத்துக்கு மட்டும் சரி. ஈட்டி விஷயத்தில் பில் இல்லாத துண்டைத் தொடவே வேண்டாம். ஏற்றுமதி இறக்குமதிக்குக்கூட 2017 முதல் அதற்குச் சர்வதேசக் கட்டுப்பாடு இருக்கிறது. வரைபடத்துக்குக் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் கேளுங்கள், பழைய கடற்படை வரைபடங்களின் நகலைக் காசுக்குத் தருகிறார்கள்.

கேள்வி: ஒரு சுற்றுலாக் கடையில் 'நூறு வருடப் பழைய கப்பல்' என்று 18,000 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: எல்லாக் கயிறும் ஒரே தடிமனில் இருக்கிறதா, பாய் விறைப்பாக நிற்கிறதா, பீரங்கிகள் பலகையில் நேராகச் சொருகியிருக்கின்றனவா? அப்படியானால் அது அலங்காரப் பொருள். பிடித்திருந்தால் அலங்காரப் பொருளின் விலைக்குப் பேசி வாங்குங்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை விற்க 1972 சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லி, வயதைப் பில்லில் எழுதித் தரவும் கேளுங்கள். அதன் பிறகு அவர் சொல்கிற விலை வேறாக இருக்கும்.