பேய் வராத பேய்ப்படம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஒரே தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரின் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) வசிக்கும் நண்பர்கள் ஐவர் நாங்கள். மாதக் கடைசிச் சனிக்கிழமை இரவுகளில் என் வீட்டுக் கூடத்தில் கூடிப் பழைய பேய் வீட்டுப் படங்களைப் பார்க்கிறோம். சென்ற மாதம் ‘தி ஹாண்டிங்’ படத்தின் 1963ஆம் ஆண்டு ஆக்கத்தையும் 1999ஆம் ஆண்டு மறு ஆக்கத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தோம். பழைய படத்தில் பேயே வரவில்லை, வெறும் ஏமாற்று என்கிறார்கள் மூவர். பழையதே மேல் என்பது என் கட்சி. எப்படி ஒப்பிடுவது முறை?

பதில்: நானும் உங்கள் கட்சிதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய் வரவில்லை என்பது உண்மை. ஆனால் பழைய படத்தை இயக்கிய ராபர்ட் வைஸ் பேயைக் காட்டத் தெரியாமல் விட்டவர் அல்லர். வால் லூட்டன் என்ற தயாரிப்பாளரிடம் 1940களில் பணியாற்றி, நிழலையும் ஓசையையும் கொண்டே அச்சமூட்டும் வித்தையைக் கற்றவர் அவர். அந்த வீட்டின் சுவர்கள் சற்றே வளைந்து தெரிவதைக் கவனித்தீர்களா? முழுமையாகச் செப்பமடையாத 30 மி.மீ. அகலக்கோண லென்சு ஒன்றை, அதன் குறை தெரிந்தே கேட்டு வாங்கிப் பயன்படுத்தினார்.

இரு படங்களையும் முழுதாக ஒப்பிடுவதைவிட, இரண்டிலும் உள்ள ஒரே கட்டத்தை, அதாவது நள்ளிரவில் அறைக்கு வெளியே இடிக்கும் ஓசை கேட்கும் கட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பிறகு ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பழைய படத்தில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு கதவையே பார்த்திருக்க, தாழ்வாரத்தின் கோடியிலிருந்து நெருங்கி வரும் ஓசை அவர்களுடைய கதவருகில் வந்து நின்றுவிடுகிறது. இடியைவிட அது நின்ற அந்த நொடிதான் என்னை அதிகம் உலுக்கியது. புதிய படமோ போகப் போகக் கணினியின் துணையால் சிலைகளை அசைத்து, வீட்டுக்காரனின் ஆவியையும் கண்முன் நிறுத்திவிடுகிறது.

எங்கள் தோட்டத்துத் துரை பங்களா பூட்டிக் கிடந்த காலத்தில், மேலே யாரோ நடக்கிறார்கள் என்று லயத்துப் பிள்ளைகளாகிய நாங்கள் தலைதெறிக்க ஓடியிருக்கிறோம். ஒருநாள் காவற்காரர் ஏணி வைத்து ஏறி, கூரைக்கடியில் குட்டி போட்டிருந்த மரநாயைக் காட்டினார். அன்றோடு அந்த பங்களாவின் பக்கம் போகும் ஆசையே எங்களுக்கு விட்டுப்போயிற்று. அந்த மூன்று நண்பர்களிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: எங்களில் ஒருவர் படம் ஓடும்போது ஓயாமல் பேசுகிறார். அடுத்த மாதம் ‘தி இன்னசன்ட்ஸ்’ போடலாமா?

பதில்: அவர் வெளியூர் போயிருக்கும் மாதமாகப் பார்த்துப் போடுங்கள். 1961இல் ஜாக் கிளேட்டன் இயக்கிய அந்தப் படம், எழுத்தோ படமோ இல்லாத கருந்திரையில் ஒரு பாட்டோடு தொடங்குகிறது. தொலைக்காட்சி பழுதாகிவிட்டது என்று எண்ணி யாரும் ரிமோட்டைத் தேட வேண்டாம். அகலத்திரையில் எடுக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் கட்டளை. அதனால் ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃபிரான்சிஸ் லென்சின் முன் வைக்கும் வடிகட்டிகளின் ஓரங்களில் வண்ணம் தீட்டி, திரையின் இரு பக்கங்களையும் இருளில் ஆழ்த்தினார். அந்த ஓரங்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய படம் அது.

பேச்சு நண்பருக்கு ஏற்றது, வின்சென்ட் பிரைஸ் நடித்த ‘ஹவுஸ் ஆன் ஹாண்டட் ஹில்’ (1959). ஓர் இரவைக் கழித்தால் ஆளுக்கு 10,000 டாலர் என்று ஐந்து பேரை அழைக்கும் கதை. கூச்சலுக்கென்றே எடுத்த படம் என்பதால், திரையரங்குகளில் பார்வையாளர் தலைக்கு மேல் கம்பியில் எலும்புக்கூட்டையே பறக்கவிட்டார் இயக்குநர் வில்லியம் காசில். வெளியிலிருந்து பார்த்தால் கான்கிரீட் கட்டைகளால் எழுந்த நவீன மாளிகை, உள்ளே நுழைந்தால் முந்தைய நூற்றாண்டு வீடு. இதைப் பற்றியே உங்கள் நண்பர் ஒரு மணி நேரம் பேசலாம்.

கேள்வி: தமிழில் இத்தகைய பேய் வீட்டுப் படம் ஏன் அரிதாக இருக்கிறது?

பதில்: ‘தி ஹாண்டிங்’ படத்தில் வீடே கெட்டது, அங்கே யார் குடிபுகுந்தாலும் அது சும்மா விடாது. நம் படங்களில் குறை வீட்டில் இல்லை, அங்கே வாழ்ந்தவரின் தீராத கதையில் இருக்கிறது. ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963) பாழடைந்த மாளிகையைக் காட்டினாலும் முற்பிறவிக் காதலைத்தான் சொல்கிறது. ‘சந்திரமுகி’ (2005), தன் மூலமான மலையாள ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) போலவே, பேயை மனநோயாக விளக்கிவிடுகிறது. விளக்கம் கிடைக்காமல் எழுந்து போக நம் பார்வையாளர் ஒப்புவதில்லை என்று இயக்குநர்கள் அஞ்சுகிறார்கள் போலும்.

‘நெஞ்சம் மறப்பதில்லை’க்கு ஒளிப்பதிவு செய்த ஏ. வின்சென்ட், மறு ஆண்டே மலையாளத்தில் ‘பார்கவி நிலையம்’ படத்தை இயக்கினார். வைக்கம் முகம்மது பஷீரின் எழுத்தில், பேய் வீட்டுக்குக் குடிவந்த எழுத்தாளன் அங்குள்ள பெண்ணின் ஆவியோடு மரியாதையாகப் பேசிப் பழகுகிறான். அச்சத்தைவிட நட்பு மேலோங்கும் இந்தப் படத்தை உங்கள் ஐவருக்கும் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

கேள்வி: ஒரு மாதம், பத்து காஜா என்ற ஊரிலுள்ள கெல்லி மாளிகைக்குப் போய், அங்கேயே மடிக்கணினியில் படம் பார்த்தால் என்ன?

பதில்: மாலையில் வாயிலைப் பூட்டிவிடுவார்கள், பகல் வெளிச்சத்தில் பேய்ப்படம் எடுபடாது. தவிர, அதைக் கட்டிய தோட்டத் துரை வில்லியம் கெல்லி சுமித் 1926இல் லிஸ்பனில் இறந்தபோது மாளிகை கட்டி முடிக்கப்படவே இல்லை. முழுதாகக் குடியேறாத வீட்டில் எந்த ஆவி தங்கும்? பகலிலேயே போய், அருகிலுள்ள மாரியம்மன் கோயிலையும் பார்த்துவிட்டு வாருங்கள். கோயிலின் கூரைமேல் தெய்வ உருவங்களோடு துரையின் உருவமும் நிற்கிறது.